சி புரோகிராமில் ஸ்ட்ரிங் கொப்பி கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

புறக்கோட்டை மொத்தக்கடையின் பில்லிங், ஒரு கிளினிக்கின் நோயாளர் பதிவு, முதலாம் வருட மாணவர்களின் அசைன்மென்ட் என்று என் மேசைக்கு வரும் சி மொழிப் புரோகிராம்கள் பலவகை. கோளாறு மட்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும்: ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கிற வரியில். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய் வாசியுங்கள்.

கொப்பி பண்ணப் பாவிக்கும் ஃபங்ஷன்களின் பெயர்களை வகுப்பில் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்: ஸ்டர்கொப்பி, நடுவில் 'என்' உள்ள ஸ்டர்-என்-கொப்பி, 'எல்' உள்ள ஸ்டர்-எல்-கொப்பி, மெம்கொப்பி, எஸ்-என்-பிரிண்ட்எஃப். ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் பைட்டைப் பூச்சிய பைட் என்கிறேன்.

கோளாறு என்றதும் பலர் செய்வது ஸ்டர்கொப்பி இருக்கும் இடமெல்லாம் ஸ்டர்-என்-கொப்பி என்று மாற்றுவது. அதோடு ஒரு கோளாறு போய் இன்னொன்று வந்து உட்காரும். ஒவ்வொரு கொப்பி வரியிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் எத்தனை பைட் இருக்கிறது? வருவது எத்தனை பைட்? கொள்ளாவிட்டால் என்ன செய்யப் போகிறீர்கள்? மூன்றாவதுக்குப் புரோகிராம் கோடில் பதில் எழுதி வைத்தவர்கள் குறைவு. கீழே வரும் கோளாறுகளில் பாதி அங்கிருந்துதான் முளைக்கின்றன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

புரோகிராமை இரண்டு விதமாக பில்ட் பண்ணுங்கள்.

முதலாவது: ஜிசிசி அல்லது கிளாங் கொம்பைலரில் -வோல், -ஜி, -எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ் ஆகிய ஃபிளாக்குகளோடு. பிழை வந்த அதே உள்ளீட்டைக் கொடுத்து ஓட்டுங்கள். எல்லை தாண்டிய வரியை அட்ரஸ் சானிட்டைசர் வரி எண்ணோடு காட்டும்.

இரண்டாவது: -ஓ2 போட்டு, கொப்பி ஃபங்ஷன்களின் எல்லையைச் சோதிக்கும் ஃபோர்ட்டிஃபை சோர்ஸை 2 என்று வைத்து. உபுண்டுவின் ஜிசிசி -ஓ2 கொடுத்தாலே இந்தச் சோதனையைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே பில்டில் கலக்க வேண்டாம், ஒன்றின் வேலையை மற்றது மறைக்கும்.

விண்டோஸில் கோட்பிளாக்ஸோடு வரும் மிங்டபிள்யூ கொம்பைலரில் அட்ரஸ் சானிட்டைசர் கிடையாது. மாணவர்கள் அரை நாள் மல்லுக்கட்டுவது இதில்தான். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் ஜிசிசியை ஓட்டுங்கள்.

கொம்பைலர் தரும் எச்சரிக்கைகளையும் தள்ளிவிடாதீர்கள். ஜிசிசி 8இலிருந்து 'ஸ்ட்ரிங் வெட்டுப்படலாம்', 'எல்லை தாண்டும்' என்று அதுவே சொல்லும். பெரும்பாலும் அது சொல்வது சரி.

## கொப்பி வரியிலேயே 'செக்மென்டேஷன் ஃபோல்ட்'

எல்லாவற்றிலும் சுகமான கோளாறு இது, விழுந்த இடமே பிழை இருக்கும் இடம். ஜிடிபி என்ற டிபக்கரில் ஓட்டி, விழுந்ததும் மூலத்தினதும் போய்ச் சேரும் இடத்தினதும் முகவரிகளை வைத்திருக்கும் இரண்டு பொயின்டரையும் அச்சடித்துப் பாருங்கள்.

போய்ச் சேரும் பொயின்டரில் அர்த்தமில்லாத முகவரி இருந்தால்: பொயின்டரை அறிவித்திருக்கிறீர்கள், இடம் ஒதுக்கவில்லை. அரேயாக மாற்றுங்கள் அல்லது மலொக் என்ற ஃபங்ஷனால் இடம் எடுங்கள்.

முகவரி சரியாகத் தெரிகிறது, ஆனாலும் விழுகிறது என்றால்: பொயின்டரை இரட்டை மேற்கோளுக்குள் இருந்த ஒரு ஸ்ட்ரிங்குக்குச் சமப்படுத்தியிருப்பீர்கள். அந்த எழுத்துகள் இருப்பது வாசிக்க மட்டும் அனுமதியுள்ள பகுதி. அரேயாக அறிவித்தால் தீரும்.

மூலப் பொயின்டர் நல் என்றால்: சூழல் மாறி இல்லாதபோது கெட்என்வ், துண்டு தீர்ந்தபோது ஸ்டர்டொக், தரவுத்தளத்தில் வெறுமையாக விட்ட நிரல் ஆகிய மூன்றில் பெரும்பாலும் ஒன்று. மைஎஸ்கியூஎல்லின் சி இடைமுகம் வெறுமையான நிரலுக்கு நல் பொயின்டரையே கொடுக்கும். தொலைபேசி எண் கொடுக்காத வாடிக்கையாளர் வந்த நாளில் பில்லிங் விழுவது இதனால்.

## கொப்பி முடிந்து வெகுநேரம் கழித்து வேறெங்கோ விழுகிறது

மலொக்கில் எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க ஃப்ரீ பண்ணும்போது 'இன்வாலிட் பொயின்டர்', 'இன்வாலிட் நெக்ஸ்ட் சைஸ்', 'கரப்டட் சைஸ்' போன்ற செய்தி வரும். சில நாள் வரும், சில நாள் வராது. கணினியில்தான் கோளாறு என்று நினைத்துப் பம்பலப்பிட்டிக்குப் போய் ரேம் மாற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ரேம் பாவம்.

மலொக் வரிகளைத் தேடுங்கள். ஸ்ட்ரிங்கின் நீளத்தை எண்ணும் ஸ்டர்லென் தரும் எண்ணை அப்படியே மலொக்குக்குக் கொடுத்திருந்தால் அதுதான் காரணம். பூச்சிய பைட்டை ஸ்டர்லென் எண்ணுவதில்லை, நீங்கள்தான் ஒன்று கூட்ட வேண்டும்.

"அப்படியானால் ஏன் எல்லாப் பெயருக்கும் விழவில்லை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 64 பிட் லினக்ஸில் அதன் சி நூலகமான ஜிலிப்சியின் மலொக் நீங்கள் கேட்ட அளவை அப்படியே தராது. பாவிக்கக்கூடிய இடம் 24, 40, 56, 72 என்று 16 பைட் படிகளில் ஏறும். ஆங்கில எழுத்தில் கொழும்பு 7 பைட். 7 கேட்டால் 24 கிடைக்கும், பூச்சிய பைட் எட்டாவதாக உட்கார்ந்துவிடும், ஒன்றும் நடக்காது. வெள்ளவத்தை என்று தமிழில் அடித்தால் 30 பைட். கிடைப்பது 40, அதுவும் தப்பும்.

இப்போது 'கொழும்பு' என்று தமிழில் அடியுங்கள். க, ொ, ழ, ு, ம, ், ப, ு என எட்டுக் குறிகள். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். மொத்தம் சரியாக 24. மலொக் தருவதும் சரியாக 24. பூச்சிய பைட் 25ஆவது இடத்தில் போய் விழும். அந்த இடத்தில் அடுத்த துண்டின் அளவை மலொக் குறித்து வைத்திருக்கிறது, அந்த எண்ணின் மிகச் சிறிய மதிப்புள்ள பைட் பூச்சியமாகிவிடும். அடுத்த துண்டை ஃப்ரீ பண்ணும்வரை யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் சோதித்துக் கையளித்த புரோகிராம் தமிழ் முகவரி வந்ததும் விழுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்னொரு குழப்பமும் இதற்குள் இருக்கிறது. யூனிகோடில் 'ொ' வை ஒரே குறியாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டாக எழுதினால் அதே கொழும்பு 27 பைட், கிடைப்பது 40, பிழை காணாமற்போகும். "என் மெஷினில் வருகிறது, அவருடையதில் வரவில்லை" என்று இருவர் சண்டை பிடித்தால் இருவரும் உண்மை சொல்லியிருக்கலாம்.

சோதனை: அட்ரஸ் சானிட்டைசர் 'ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ' என்று நின்று, 24 பைட் பகுதி முடிந்த இடத்திலிருந்து 0 பைட் தள்ளி எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லும். '0 பைட் தள்ளி' என்று கண்டால் ஒன்று கூட்ட மறந்ததுதான். சானிட்டைசர் இல்லாத இடத்தில் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி பிடிக்கும், ஆனால் வெகு மெதுவாக.

தீர்வு: ஸ்டர்டப் பாவியுங்கள். அளந்து, ஒன்று கூட்டி, இடம் எடுத்து, கொப்பி பண்ணித் தரும். நீண்ட காலம் போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரத்தில் மட்டும் இருந்தது, சி23இல் சி தரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. திரும்பி வருவது நல்லா என்று பாருங்கள், வேலை முடிந்ததும் ஃப்ரீ பண்ணுங்கள்.

மலொக் சரியாக இருந்தும் இதே அறிகுறி என்றால்: அளக்கிற கோடும் கொப்பி பண்ணுகிற கோடும் ஒரே விதியைப் பின்பற்றுகின்றனவா என்று பாருங்கள். எஸ்கேப் எழுத்துகளை நீக்கிக்கொண்டு கொப்பி பண்ணும் லூப்களில் இது அடிக்கடி வரும்: பேக்ஸ்லாஷைக் கண்டதும் அடுத்த எழுத்துக்குத் தாவுவார்கள், அந்த அடுத்தது பூச்சிய பைட்டா என்று பார்ப்பதில்லை. லினக்ஸின் சுடோ கட்டளையில் 2011 ஜூலையில் நுழைந்து 2021 ஜனவரியில்தான் வெளியே தெரிந்த ஓட்டை இந்த வகையே. பேர்போன கோடிலேயே பத்து வருடம் ஒளிந்திருந்தது. உங்கள் லூப்பைக் கையால், காகிதத்தில், கடைசி எழுத்து பேக்ஸ்லாஷாக இருக்கும் உள்ளீட்டோடு ஓட்டிப் பாருங்கள்.

## ஒரு விவரத்தைப் பதிந்தால் பக்கத்து விவரம் மாறுகிறது

இலங்கையில் இதற்கென்றே ஓர் உதாரணம் இருக்கிறது. பழைய ஆளடையாள அட்டை எண் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், ஆக 10. பூச்சிய பைட்டோடு 11. அதனால் பழைய புரோகிராம்களில் 11 பைட் அரே போட்டிருப்பார்கள். 2016இலிருந்து புதிய எண் 12 இலக்கம், அதற்கு 13 பைட் வேண்டும்.

ஒருவரின் விவரங்களை அடுத்தடுத்து வைக்கும் ஸ்ட்ரக்டில் அடையாள எண்ணுக்குப் பின்னால் பெயர் இருக்கிறது என்று வையுங்கள். 12 இலக்கத்தை ஸ்டர்கொப்பி செய்தால் பன்னிரண்டாவது இலக்கம் பெயரின் முதல் பைட்டிலும் பூச்சிய பைட் இரண்டாவது பைட்டிலும் போய் உட்காரும்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரேயோர் இலக்கம் தெரிகிறது என்றால்: பெயரை முதலிலும் எண்ணைப் பிறகும் பதிந்திருக்கிறீர்கள்.

எண்ணின் கடைசி இலக்கம் போய், அதன் வாலில் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால்: எண்ணை முதலிலும் பெயரைப் பிறகும். பெயர் எழுதப்பட்டபோது பூச்சிய பைட் அழிந்துவிட்டது, அதனால் அச்சடிக்கும்போது எண்ணும் பெயரும் ஒரே ஸ்ட்ரிங்காக ஓடுகின்றன.

இங்கே அட்ரஸ் சானிட்டைசரை நம்ப வேண்டாம். ஒரே ஸ்ட்ரக்டுக்குள் ஒரு ஃபீல்டிலிருந்து அடுத்ததுக்கு வழிவதை அது பிடிக்காது, ஏனென்றால் அதன் கணக்கில் ஸ்ட்ரக்ட் முழுவதும் உங்களுடைய இடம். பிடிப்பது ஃபோர்ட்டிஃபை பில்ட்: 'பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டட்' என்று அங்கேயே நிறுத்தும். இரண்டு பில்ட் பண்ணச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

மலிவான தீர்வு அரேயை 13 ஆக்குவது. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். தரவுக் கோப்பில் ஸ்ட்ரக்டை எஃப்ரைட் மூலம் அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அரேயின் அளவை மாற்றிய நிமிடத்திலிருந்து பழைய பதிவுகள் எல்லாம் இடம் பிசகி வாசிக்கப்படும். முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். பழைய ஸ்ட்ரக்டால் வாசித்துப் புதியதால் எழுதும் சின்ன மாற்றி ஒன்று எழுதி, பிரதியில் ஓட்டிப் பாருங்கள். பல வருடப் பதிவுகள் உள்ள கோப்பில் முதல் முறையாக இதைச் செய்கிறீர்கள் என்றால், செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## பெயருக்குப் பின்னால் குப்பை எழுத்துகள்

ஸ்டர்-என்-கொப்பி இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். மூலம், நீங்கள் கொடுத்த எண்ணுக்குச் சமமாகவோ நீளமாகவோ இருந்தால் அது பூச்சிய பைட் போடாது. அச்சடிக்கும் ஃபங்ஷன் அடுத்த பூச்சியம் கிடைக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். சின்னப் பெயருக்கு ஒழுங்காக வரும், நீளமான பெயருக்கு மட்டும் வால் முளைக்கும்.

இது அந்த ஃபங்ஷனின் பிழை இல்லை. பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 பைட் நிலையான இடம் இருந்தது. அந்த இடத்தை நிரப்பி, மிச்சத்தைப் பூச்சியத்தால் அடைப்பதற்காக உருவானது அது. அப்படிப்பட்ட நிலையான அகலப் பதிவுகளுக்கு இன்றைக்கும் அதுவே சரி. சாதாரண ஸ்ட்ரிங்குக்கு அதைப் 'பாதுகாப்பான கொப்பி' என்று சொல்லிக்கொடுப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

அவசரத்துக்கு: அரேயின் கடைசி பைட்டில் கையால் பூச்சியம் போடுங்கள். குப்பை போகும். பெயர் சத்தமில்லாமல் வெட்டுப்படும், அதற்கு அடுத்த பகுதி.

ஸ்டர்-என்-கொப்பி இல்லையென்றால்: ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரேயின் முகவரியை ரிட்டர்ன் பண்ணியிருக்கிறீர்களா? ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் வேறொருவருடையது. அழைப்பவரே பஃபரையும் (எழுதி வைக்கும் இடத்தையும்) அதன் அளவையும் கொடுக்கும்படி மாற்றுங்கள்.

மெம்கொப்பி பாவித்திருந்தால்: ஸ்டர்லென் அளவு மட்டும் கொப்பி பண்ணியிருப்பீர்கள். ஒன்று கூட்டினால் பூச்சிய பைட்டும் சேர்ந்து வரும்.

## பெயர் வெட்டுப்பட்டு வருகிறது

எங்கே வெட்டுப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். விடை அந்த எண்ணில் இருக்கிறது.

ஆங்கில எழுத்தில் எதை அடித்தாலும் முதல் 7 எழுத்து மட்டும் என்றால்: ஃபங்ஷனுக்குள் அனுப்பிய அரேக்குச் சைஸ்ஓஃப் போட்டிருக்கிறீர்கள். ஃபங்ஷனுக்குள் போனதும் அரே வெறும் பொயின்டர், 64 பிட்டில் அதன் அளவு 8. எழுத்து 7, பூச்சிய பைட் 1. அளவைத் தனி அளவுருவாக அனுப்புங்கள்.

முதல் சொல் மட்டும் வருகிறது என்றால்: கொப்பியில் பிழை இல்லை. ஸ்கான்எஃப் இடைவெளி கண்டதும் நின்றுவிடும். எஃப்கெட்ஸ் பாவியுங்கள். அது வரியின் முடிவில் உள்ள புதுவரிக் குறியையும் கொண்டுவரும், அதை நீக்க மறக்காதீர்கள். எல்லை பார்க்காமல் வாசிக்கும் கெட்ஸ் என்ற ஃபங்ஷனை எங்காவது கண்டால் அழித்துவிடுங்கள். 1988இல் மொரிஸ் வேர்ம் என்ற தானே பரவும் புரோகிராம் இணையத்தில் பரவப் பிடித்துக்கொண்ட வழிகளில் ஒன்று ஃபிங்கர் சேவையில் இருந்த அந்த ஃபங்ஷன். சி11 அதைத் தரத்திலிருந்தே நீக்கிவிட்டது.

தமிழ் அல்லது சிங்களப் பெயரின் முடிவில் கேள்விக்குறி போட்ட கறுப்பு டயமண்ட், அல்லது வெறும் பெட்டி வருகிறது என்றால்: எழுத்தின் நடுவில் வெட்டியிருக்கிறீர்கள். 32 பைட் ஃபீல்டில் 'கொட்டாஞ்சேனை' யை வையுங்கள். 12 குறிகள், 36 பைட். பூச்சிய பைட்டுக்கு ஒன்று போக இடம் 31. அதில் 'கொட்டாஞ்சே' வரை 30 பைட்டில் முழுசாக வரும், மிச்சம் இருக்கும் ஒரு பைட்டில் 'ன' வின் மூன்றில் ஒரு பங்கு வந்து உட்காரும். அந்த அரைகுறை பைட்டுத்தான் டயமண்டாகத் தெரிகிறது. சிங்கள எழுத்துக்கும் இதே 3 பைட் கணக்கு. எஸ்-என்-பிரிண்ட்எஃப், ஸ்டர்-எல்-கொப்பி எல்லாம் பைட்டைத்தான் எண்ணும், எழுத்தை எண்ணாது. அதனால் ஃபங்ஷனை மாற்றிப் பலனில்லை.

இதற்குத் தீர்வு மலிவிலிருந்து விலைக்கு இப்படிப் போகும். முதலாவது, ஃபீல்டைப் பெரிதாக்குங்கள். முப்பது எழுத்துக்கு முப்பது பைட் என்ற பழைய கணக்கை மறந்து, நீங்கள் எதிர்பார்க்கும் தமிழ் எழுத்து எண்ணிக்கையை ஆறால் பெருக்குங்கள், பெரும்பாலான எழுத்துகளுக்கு மெய்யும் குறியுமாக இரண்டு குறி வேண்டும். இரண்டாவது, வெட்டியே ஆக வேண்டுமென்றால் வெட்டும் இடத்தில் விடுபடப் போகும் முதல் பைட்டைப் பாருங்கள். அது 128 முதல் 191 வரை இருந்தால் எழுத்தின் நடு. அந்த வரம்புக்கு வெளியே உள்ள பைட் வரும்வரை தொடக்கத்தை நோக்கிப் போய் அங்கே பூச்சியம் போடுங்கள். சார் வகையை அன்சைன்டாக மாற்றி ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்86 கணினிகளில் இந்த எண்கள் எதிர்மறையாக வந்து ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது.

இவ்வளவு செய்தும் 'ட்' என்பது 'ட' ஆக நிற்கலாம், புள்ளி மட்டும் விடுபட்டிருக்கும். பில்லில் அது பரவாயில்லை என்று நான் விட்டுவிடுவேன். ஒருவருடைய அடையாள ஆவணத்தில் விடமாட்டேன். அங்கே எழுத்தெல்லை தெரிந்த ஐசியு நூலகத்தைப் பாவிக்க வேண்டும். சிங்களத்தின் கூட்டெழுத்துகளில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியும் நடுவில் வரும், அதைக் கையால் எழுதிய கோடால் சமாளிக்க முயலாதீர்கள்.

வெட்டுப்படுகிறது, ஆனால் யாருக்கும் தெரியவில்லை என்றால்: இது மேலே உள்ள எல்லாவற்றையும் விட மோசம். ஸ்டர்-எல்-கொப்பி மூலத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். எஸ்-என்-பிரிண்ட்எஃப் 'இடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருப்பேன்' என்ற எண்ணைத் தரும். அந்த எண் பஃபரின் அளவுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் வெட்டுப்பட்டிருக்கிறது. இதைப் பார்க்காமல் விடுவதற்கும் ஸ்டர்-என்-கொப்பிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பில்லில் முகவரி வெட்டுப்பட்டால் சாமான் எப்படியும் போய்ச் சேரும். அடையாள எண், வங்கிக் கணக்கு எண், கோப்புப் பாதை மூன்றையும் ஒருபோதும் வெட்டக் கூடாது. வெட்டுப்பட்ட பாதையைக் கொண்டு கோப்பை அழிக்கும் கோடு வேறொரு கோப்பை அழிக்கும். அந்த இடங்களில் கொப்பியை மறுத்து, பிழையைத் திருப்பி அனுப்புங்கள்.

நான் பாவிக்கச் சொல்வது சொந்தமாக எழுதிய ஒரு சின்ன ஃபங்ஷன். போகும் பஃபர், அதன் அளவு, மூலம் ஆகிய மூன்றையும் வாங்கும். ஸ்டர்-என்-லென் மூலம் மூலத்தை அந்த அளவுவரை மட்டும் அளக்கும். கிடைத்த நீளம் அளவைவிடச் சிறிதாக இருந்தால் நீளத்தோடு ஒன்று கூட்டி மெம்கொப்பி, பிறகு உண்மை என்று திருப்பும். இல்லையென்றால் பஃபரின் முதல் பைட்டில் பூச்சியம், பிறகு பொய். பத்து வரிகூட வராது, ஸ்டர்-என்-லென் உள்ள எந்தக் கொம்பைலரிலும் ஓடும். திருப்பும் விடையைப் பார்க்காமல் விட்டால் எச்சரிக்கை வரும்படி ஜிசிசியின் அட்ரிபியூட்டையும் சேர்த்துவிடுங்கள்.

ஸ்டர்-எல்-கொப்பி என்று ஒன்றே இல்லை எனக் கொம்பைலர் சொன்னால்: உங்கள் ஜிலிப்சி பழையது. ஓப்பன்பிஎஸ்டியில் 1998இலேயே வந்த இந்த ஃபங்ஷன், ஜிலிப்சிக்குள் 2023இல் 2.38 பதிப்பில்தான் நுழைந்தது. உபுண்டு 22.04இல் இருக்காது, 24.04இல் இருக்கும். பழையதில் லிப்பிஎஸ்டி நூலகத்தைச் சேர்க்கலாம். அடிக்கோடு எஸ் என்று முடியும் ஃபங்ஷன்களை விஷுவல் ஸ்டூடியோ பரிந்துரைத்தால், அவை ஜிலிப்சியில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். லினக்ஸுக்கும் போக வேண்டிய கோடில் அவற்றைப் போடாதீர்கள்.

## எல்லா வரியிலும் ஒரே பெயர்

கோப்பிலிருந்து வாடிக்கையாளர்களை வாசித்துப் பட்டியல் போட்டால் எல்லாரும் கடைசி ஆளாகவே வருகிறார்கள். நீங்கள் ஸ்ட்ரிங்கைக் கொப்பி பண்ணவே இல்லை, பொயின்டரை மட்டும் வைத்திருக்கிறீர்கள். எல்லாப் பொயின்டரும் வாசிக்கும் அதே பஃபரைக் காட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஸ்டர்டப். முடிந்தது.

## டிபக்கில் சரி, ரிலீஸில் எழுத்துகள் குழம்புகின்றன

ஒரே பஃபருக்குள் நகர்த்துகிறீர்களா? முன்னால் உள்ள இடைவெளியை நீக்க ஸ்ட்ரிங்கை ஒரு பைட் இடப்பக்கம் தள்ள ஸ்டர்கொப்பியோ மெம்கொப்பியோ போட்டிருப்பீர்கள். மூலமும் போகும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. முன்னிருந்து பின்னாகக் கொப்பி பண்ணும்வரை தற்செயலாகச் சரியாக வரும், வேகத்துக்காக நூலகம் வரிசையை மாற்றிய அன்று குழம்பும். 2010இல் ஃபெடோரா 14இல் அடோபி ஃபிளாஷின் ஒலி இப்படித்தான் கெட்டது: ஜிலிப்சியின் மெம்கொப்பி மாறியது, ஃபிளாஷ் படியும் பகுதிகளுக்கு அதைப் பாவித்திருந்தது. படியும் பகுதிகளுக்கென்றே உள்ள மெம்மூவ் என்று மாற்றுங்கள், பூச்சிய பைட்டுக்கும் சேர்த்து அளவு கொடுங்கள்.

எஸ்-என்-பிரிண்ட்எஃப்பில் எழுதும் பஃபரையே மூலமாகவும் கொடுத்திருக்கிறீர்களா? பழைய உரையின் வாலில் சேர்க்க நினைத்திருப்பீர்கள். அதுவும் அதே வகைத் தவறு, பழைய உரை மாயமாகும். எழுத வேண்டிய இடத்தைப் பொயின்டராக வைத்துக்கொண்டு அங்கிருந்து எழுதுங்கள்.

அப்படி இடத்தை நகர்த்தும்போது ஒரு பொறி இருக்கிறது. எஸ்-என்-பிரிண்ட்எஃப் திருப்பும் எண்ணை அப்படியே கூட்டிக்கொண்டு போனால், உரை நீண்ட நாளில் இடம் பஃபரைத் தாண்டிவிடும். மிச்ச அளவைக் கழித்தால் எதிர்மறை வர வேண்டும், ஆனால் சைஸ்-டி குறியில்லாத வகை என்பதால் பிரமாண்டமான எண் வரும். 'நிறைய இடம் இருக்கிறது' என்று நினைத்து அது எழுதித் தள்ளும். ஒவ்வொரு முறையும் திருப்பும் எண்ணை மிச்சத்தோடு ஒப்பிட்ட பிறகே கூட்டுங்கள்.

## பிழையில்லை, ஆனால் மெதுவாக இருக்கிறது

நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் பெர்ஃப் கருவியை முதலில் ஓட்டிப் பாருங்கள். நேரம் கொப்பியில் போகிறதா, வட்டில் போகிறதா என்று தெரியாமல் கோடைத் தொடாதீர்கள்.

ஒரு ஸ்ட்ரிங்கின் வாலில் இன்னொன்றை ஒட்டும் ஸ்டர்கேட் லூப்புக்குள் இருந்தால்: ஒவ்வொரு முறையும் அது தொடக்கத்திலிருந்து முடிவைத் தேடிப் போகும். பத்து வரி அறிக்கைக்குத் தெரியாது. மாத முடிவில் பல்லாயிரம் வரி அறிக்கையில் தெரியும், ஏனென்றால் வரி இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். முடிவிடத்தை நினைவில் வைத்து மெம்கொப்பி பண்ணுங்கள், அல்லது முடிவுப் பொயின்டரைத் திருப்பும் எஸ்டி-பி-கொப்பியைப் பாவியுங்கள்.

சின்னப் பெயரைப் பெரிய பஃபருக்குள் ஸ்டர்-என்-கொப்பி செய்தால்: 4096 பைட் பஃபரில் 10 எழுத்து வைத்தால் மிச்சம் 4086 பைட்டுக்கும் பூச்சியம் நிரப்பும், ஒவ்வொரு முறையும்.

பெரிய உரைக்குள்ளிருந்து சின்னத் துண்டுகள் எடுத்தால்: ஸ்டர்-எல்-கொப்பி மூலத்தை முடிவுவரை அளந்துதான் திரும்பும், உங்களுக்கு 20 பைட் போதுமென்றாலும். எஸ்ஸ்கான்எஃப்பும் பல நூலகங்களில் இதே வேலையைச் செய்யும். 2021இல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் விளையாட்டு தொடங்க எடுக்கும் நேரத்தை ஒருவர் வெளியிலிருந்து ஆராய்ந்து ஏறத்தாழ 70 வீதம் குறைத்துக் காட்டினார். அங்கே நேரத்தைத் தின்ற இரண்டில் ஒன்று இந்தத் திரும்பத் திரும்ப அளக்கும் வேலை. துண்டின் நீளம் உங்களுக்குத் தெரியும்தானே, மெம்கொப்பி பண்ணிப் பூச்சியம் போடுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

இரண்டு பில்டும் வால்கிரைண்டும் சுத்தம் என்று சொல்லியும் தரவு கெடுகிறது என்றால், ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் ஒரே பஃபரைத் தொடுகின்றனவா என்று த்ரெட் சானிட்டைசரில் ஒருமுறை பாருங்கள். அதுவும் சுத்தம் என்றால் நிறுத்துங்கள். இனி நீங்கள் போடும் ஒவ்வொரு திருத்தமும் பிழையை இன்னும் ஆழமாக ஒளிக்கும்.

கோடு இல்லாமல் நூலகம் மட்டும் இருக்கிறது, அதற்குள்தான் விழுகிறது என்றால் அதை எழுதியவர்களிடம் கொடுங்கள். விழச்செய்யும் மிகச் சிறிய உள்ளீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும்.

சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் கோடாக இருந்தால், ஸ்ட்ரிங் பகுதியை மட்டும் பிரித்துக் கணினியில் சானிட்டைசரோடு ஓட்டிப் பார்ப்பது உங்கள் எல்லை. அதற்கு மேல் வன்பொருள் டிபக்கர் வைத்திருப்பவரின் வேலை.

நெட்வேர்க்கிலிருந்து வரும் உரையை எல்லை பார்க்காமல் கொப்பி பண்ணும் வரியை ஏற்கெனவே பாவனையில் உள்ள புரோகிராமில் கண்டால், இரவோடிரவாகச் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிட்டுப் படுக்காதீர்கள். யாராவது அதை ஏற்கெனவே பாவித்திருக்கிறார்களா என்பது பதிவேடுகளைப் பார்க்கத் தெரிந்த பாதுகாப்பு ஆளுக்குத்தான் விளங்கும். திருத்தம் போடுவதற்கு முன் அந்தப் பதிவேடுகளையும் ஓடிக்கொண்டிருந்த பைனரியையும் பிரதி எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர்களின் அடையாள எண்கள் வெளியே போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், நிறுவனத்தின் சட்ட ஆலோசகருக்குச் சொல்லிவிட்டு கணினிப் பாதுகாப்புக்கான அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு அறிவியுங்கள். இப்படியான சம்பவ முறைப்பாடுகளை அவர்கள் ஏற்கிறார்கள்.

பழைய புரோகிராமில் ஸ்டர்கொப்பி நூற்றுக்கணக்கில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வெளியிலிருந்து உரை வரும் இடங்கள் முதலில்: விசைப்பலகை, கோப்பு, நெட்வேர்க், தரவுத்தளம். கோடுக்குள்ளேயே எழுதிய நிலையான சொல்லைப் போதிய அளவு அரேக்குள் வைக்கும் ஸ்டர்கொப்பியில் ஒரு குற்றமும் இல்லை, அதை அப்படியே விடுங்கள். மாற்றும் ஆளைக் கூலிக்குப் பிடிக்கிறீர்கள் என்றால், ஒவ்வோர் இடத்திலும் கொள்ளாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடை முதலாளியிடம் கேட்டுப் பட்டியல் போட்ட பிறகு விலை சொல்லச் சொல்லுங்கள். பட்டியல் கேட்காமல் விலை சொல்பவர் தேடி மாற்றும் கட்டளை ஒன்றை ஓட்டிவிட்டுப் போகிறவராக இருக்கலாம்.